கோட்டை விருந்தின் பீங்கான்

பாத்திரம் வாங்கியவுடன் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்வது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அதே நோக்கத்துடன் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்கள், பெயருக்குப் பதிலாகத் தம் குல இலச்சினையைப் பீங்கானில் எழுதுவித்தன. கேடயம், அதைத் தாங்கி நிற்கும் விலங்குகள், உச்சியில் அமையும் முடிச்சின்னம், அடியில் ஓடும் குறிக்கோள் வாசகம் ஆகியவை சேர்ந்ததே முழு இலச்சினை. சோழர் செப்பேட்டு முத்திரையில் புலியுடன் மீனும் வில்லும் இடம்பெற்றிருப்பதன் பொருளை உணர்ந்தவருக்கு இந்தச் சித்திர மொழி அந்நியமாகாது.

இவ்வகைப் பீங்கானின் வரலாற்றில் சென்னைக்கு உரிய இடம் பெரிது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டுக்காகச் சீனாவில் செய்யப்பட்ட கலங்கள், ஆங்கிலேயர் இலச்சினை தாங்கிய சீனப் பீங்கான்களுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. நூறாண்டுக்குப் பின், 1820-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி அதே கோட்டையின் விருந்துகளுக்காக இங்கிலாந்தின் உஸ்டர் நகரச் சேம்பர்லின் பட்டறையிலிருந்து ஒரு பெருந்தொகுதியை வரவழைத்தது. ஆரஞ்சு நிற விளிம்பும், நடுவில் செஞ்சிலுவைக் கேடயமும், இருபுறச் சிங்கங்களும், இங்கிலாந்து மன்னர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆதரவைக் கூறும் இலத்தீன் வாசகமும் கொண்ட அத்தட்டுகள், வணிகக் கம்பெனி ஒன்று அரசாக மாறியதற்குக் கல்வெட்டுக்கு நிகரான சான்று என்றே கொள்ள வேண்டும். அவை பின்னாளில் சிதறி, இன்று லண்டன் ஏலங்களில் ஒற்றைத் தட்டுகளாக விலைபோவது வருந்தத்தக்கது.

சேகரிப்பவர் முதலில் நம்ப வேண்டியது விரல் நுனியை. ஒருமுறை சுட்டு மெருகேற்றிய பீங்கானின் மேல் எனாமல் வண்ணத்தைத் தூரிகையால் எழுதி, குறைந்த சூட்டில் மறுபடியும் சூளையிடுவதால், கையால் எழுதிய இலச்சினை சற்றே புடைத்துத் தடவினால் தட்டுப்படும். அச்சு ஒட்டியதாயின் உருப்பெருக்கியில் நுண்புள்ளிகளோ கோடுகளோ தெரியும். புழங்கிய தட்டில் கத்திக் கீறலும் பொன் தேய்மானமும் இயல்பு. 1845-இல் தொடங்கிய பாரிஸின் சாம்சன் பட்டறை இலச்சினைப் பீங்கான்களை ஏராளமாகப் படியெடுத்ததால், தோற்றத்தை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. பொருள் எவர் கையிலிருந்து எவரிடம் வந்தது என்ற வரலாறும் எழுத்தில் இருக்க வேண்டும்.

டெல்லியில் புசா ரோட்டிலிருந்து சுந்தர் நகர்ப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்பவர் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அச்சட்டம் இடமளிப்பதில்லை; வணிகத்துக்கும் உரிமம் தேவை. வாங்குமுன் கண்ணைப் பழக்க விரும்பும் டெல்லித் தமிழர், விடுமுறையில் சென்னை செல்லும்போது, 1795-இல் கட்டிமுடிக்கப்பட்ட கட்டடத்தில் இயங்கும் கோட்டை அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடத்தில் ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும். கம்பெனியின் கலங்களும் ஆற்காடு நவாபின் கலங்களும் அங்கே உள்ளன. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கு விடுமுறை.