கடையில் மின்சாரக் கணக்கு

மாசி மகத்துக்குப் பூவராக சுவாமி கிள்ளைக்கு எழுந்தருளும் நாட்களில் ஸ்ரீமுஷ்ணம் கடைகளில் நாம் கூடுதல் விளக்குப் போடுகிறோம். அதற்கு முன் சிறு கணக்கு ஒன்று அவசியம்.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. நம் கடைக்கு வருவது 230 வோல்ட். எனவே 5 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,150 வாட்தான். 500 வாட் ஹாலஜன் விளக்கு மூன்றை அதில் மாட்டினால் 6.5 ஆம்பியர் ஓடும்.

ஒயர் முறுக்கிய இடம் தளர்ந்து அரை ஓம் தடை உண்டானால், அங்கே 3.25 வோல்ட் வீணாகும். அதை 6.5 ஆல் பெருக்கினால் சுமார் 21 வாட். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஈயம் பற்றவைக்கும் கருவியின் சூடு! மின்னோட்டம் கூடாததால் பியூஸும் போகாது.

எனவே கூடுதல் விளக்குக்குத் தனி லைன் இழுத்து, இணைப்புகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு இறுக்கிவிடுவோம். சரக்குதான் நம் முதல்.