777 போட்டால் பாஸா?

சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு பற்றிக் கடிதங்கள் குவிகின்றன. பாதிக் கடிதங்கள் ஜேஇஇ பற்றியவை. அவற்றுக்குக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. மயிலாப்பூர் வாசகர் ஒருவரின் கேள்விதான் வேறு ரகம். மகளுக்கு சிஸ்டம் அட்மின் வேலையில் ஆசையாம். சர்வர் அறைக்குள் காலே வைக்காமல், வீட்டு மேசையில் உட்கார்ந்து அதை எப்படிக் கற்பது, எப்படித் தேர்வு வைப்பார்கள் என்கிறார்.

டிப்ளமோ நிலையில் ‘சிஸ்டம் கமாண்ட்ஸ்’ என்று ஒரு தாள் இருக்கிறது. முழுப் படிப்பின் 142 கிரெடிட்டில் அதன் பங்கு 3. ஆக, இதைப் படித்தால் அட்மின் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடம் எடுக்கும் பேராசிரியர் ஜி. பணிகுமார் கணினித் துறைக்காரர் அல்ல, உலோகவியல் துறைக்காரர். கணினியை வேலைக்கான கருவியாகப் பார்க்கும் துறையிலிருந்து ஆசிரியர் வந்திருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது.

மயிலாப்பூரிலிருந்து அடையாற்றைத் தாண்டி கிண்டிக்குப் போனால் அண்ணா பல்கலைக்கழகம். அதன் 2021 பாடத்திட்டத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் தாளுக்கான லேப் பட்டியலைப் பாருங்கள். யுனிக்ஸ் கமாண்டுகளுக்கும் ஷெல் நிரலுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி. பிறகு ஷெட்யூலிங், வங்கியாளர் அல்காரிதம், பேஜ் மாற்றம் என்று எல்லாம் சி நிரல்கள். மெய்நிகர் கணினியில் லினக்ஸ் நிறுவுவது பட்டியலின் கடைசியில் நிற்கிறது. வங்கியாளர் அல்காரிதத்தைப் பிசகாமல் எழுதுகிற பிள்ளை, டிஸ்க் நிரம்பி நின்றுபோன சர்வர் முன்னால் விழிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஐஐடி தாளில் மாணவர் எஸ்எஸ்எச் என்னும் தொலைநுழைவு வழியாக ஒரு மெய்நிகர் கணினிக்குள் நுழைந்து, கொடுத்த பணிகளை முடிக்க வேண்டும். தேர்வுக்கான மெய்நிகர் கணினி என்றால், கெட்டுப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லாத கணினி. அதன் வசதியும் அதுதான், குறையும் அதுதான்.

இத்தகைய தேர்வை ஆயிரக்கணக்கானோர் எழுதும்போது ஆள் வைத்துத் திருத்த முடியாது. திருத்துவது இன்னொரு நிரல். ‘எப்படிச் செய்தாய்’ என்று அது கேட்பதில்லை. கணினி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும்.

ஓர் உதாரணம். சம்பளப் பட்டியல் கோப்பு ஒன்று. உரிமையாளர் படிக்கலாம், திருத்தலாம். கணக்குப் பிரிவினர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர் கண்ணில் படவே கூடாது. லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு 4+2, குழுவுக்கு 4, மற்றவருக்கு 0. ஆக 640 என்று அனுமதி தர வேண்டும். அவசரக்காரர் 777 போடுவார். எல்லாருக்கும் எல்லாம். கோப்பு உடனே திறக்கும், பிழைச் செய்தியும் மறையும். பல அலுவலகங்களில் இன்றும் இதுதான் கைவைத்தியம்.

திருத்தும் நிரல், ‘கணக்குப் பிரிவினரால் படிக்க முடிகிறதா’ என்று மட்டும் சோதித்தால் 777-க்கும் முழு மதிப்பெண். ‘வாசல் காவலரின் கணக்கில் நுழைந்தால் படிக்க முடியாமல் இருக்கிறதா’ என்றும் சோதித்தால்தான் அது அட்மின் தேர்வு. நடக்க வேண்டியதைச் சோதிப்பது சுலபம். நடக்கக் கூடாதவற்றைப் பட்டியலிட, சர்வரால் நாலு முறை சூடுபட்ட ஆள் வேண்டும். ஆகவே எந்தக் கல்லூரி ‘செய்முறைப் பயிற்சி’ என்று விளம்பரம் செய்தாலும், திருத்தும் நிரலை எழுதியது யார் என்று கேளுங்கள்.

தி.நகர் பயிற்சி மையங்களின் போர்டுகளில் மின்னும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்கிற ரெட் ஹாட் நிறுவன லினக்ஸ் அட்மின் தேர்வில் இன்னொரு நல்ல பொறி இருக்கிறது. 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற கேள்வியே கிடையாது. செய்த மாற்றம் எதுவானாலும் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும் என்பது விதி. வெப் சர்வரை ஓட வைத்தவர், அடுத்த முறை தானாக எழும்படி அமைக்க மறந்தால் அந்தப் பணிக்கு மதிப்பெண் போச்சு. நள்ளிரவில் மின்சாரம் போய் வந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு இந்த விதியின் அருமை புரியும்.

பேக்கப் எடுத்துவிட்டுத்தான் கை வைத்தாரா, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா என்பதை எந்த நிரலும் இன்னும் திருத்துவதில்லை. அதையெல்லாம் வேறிடத்தில்தான் பழக வேண்டும். அதே ஐஐடி வளாகத்தில், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில், 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு இரண்டாம் சனிக்கிழமைகளில் பல ஆண்டுகள் கூடியது. கட்டணம் இல்லை, மதிப்பெண் இல்லை. சர்வரை ஓட்டுபவர்களும் ஓட்ட ஆசைப்படுபவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மற்ற கேள்விகள்.

ஜேஇஇ வேண்டுமா? வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்து, மையத்துக்கு நேரில் போய்த் தகுதித்தேர்வு எழுத வேண்டும்.

பிளஸ் டூவில் காமர்ஸ்? சேரலாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும்.

இன்னொரு கல்லூரியில் படித்துக்கொண்டே? முடியும், இரண்டு பட்டங்களை ஒரே சமயத்தில் படிக்க யுஜிசி 2022-இல் அனுமதித்துவிட்டது.

பி.டெக்குக்குச் சமமா? இது பிஎஸ், பெயர்ப்பலகை ஒன்று, படிப்பு வேறு.

நடுவில் நிறுத்தினால்? எந்த நிலையை முடித்தீர்களோ அதற்கான சான்றிதழோடு வெளியேறலாம்.

வீட்டில் விண்டோஸ் லேப்டாப்தான்? டபிள்யூஎஸ்எல் போட்டால் அதற்குள்ளேயே லினக்ஸ் டெர்மினல் திறக்கும். முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.