தூரமும் உடைமையும்: மோனா ஹாத்தூமின் கலை பற்றிய ஒரு குறிப்பு

குடும்பத்தையும் பெண்ணுடலையும் பொருளாகக் கொள்ளும் படைப்புகளை 'அகவயமானவை' என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. இத்தவற்றிற்கு நாமும் விலக்கானவர் அல்லேம். மோனா ஹாத்தூமின் கலை அந்நிலைப்பாட்டை மீளாய்வு செய்யுமாறு எம்மை வற்புறுத்துகின்றது.

பலஸ்தீனப் பெற்றோருக்கு 1952 இல் பெய்ரூத்தில் பிறந்தவர் ஹாத்தூம். 1975 இல் அவர் இலண்டனுக்குச் சிறு பயணமாகச் சென்றிருந்தவேளை லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது, திரும்ப இயலவில்லை. பெற்றோர் 1948 இல் அடைந்த இடப்பெயர்வு மகளின் வாழ்விலும் தொடர்ந்தது.

1988 இல் அவர் ஆக்கிய 'தூரத்தின் அளவுகள்' 15 நிமிட வீடியோப் படைப்பாகும். குளித்துக்கொண்டிருக்கும் தாயின் நிழற்படங்கள் திரையில் தோன்றுகின்றன. தாய் எழுதிய கடிதங்களின் அறபு வரிகள் அவற்றின்மீது முட்கம்பிபோற் படர்கின்றன. மகள் அக்கடிதங்களை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். பின்னணியில் இருவரும் அறபு மொழியிற் சிரித்துப் பேசுவது கேட்கிறது. சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு இல்லை.

படமெடுத்ததை அறிந்து தந்தை சினங்கொண்டாராம். தமது சொத்தில் மகள் அத்துமீறிவிட்டாள் என்பதே அவர் உணர்வு. இவ்விடம் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஏங்கெல்ஸ் 1884 இல் குடும்ப அமைப்பையும் தனிச்சொத்தையும் இணைத்து ஆராய்ந்தார். இங்கோ நிலத்தை இழந்த ஒருவரிடமும் சொத்துப் பிரக்ஞை அழியவில்லை. அது மனைவியின் உடல்மீது ஒதுங்கி நிற்கிறது. படங்களைப் பயன்படுத்தத் தாய் இசைகிறாள்; ஆயின் தந்தையிடம் சொல்லவேண்டாம் என்கிறாள். 1948 இல் நிலத்தோடு தன்னடையாளமும் பெருமையும் பறிபோனதை எழுதுபவளும் அவளே. தேச ஒடுக்குமுறை, ஆணாதிக்கம் எனும் இரண்டையும் வரிசைப்படுத்தி, ஒன்று தீர்ந்தபின் மற்றது என்று கூறும் வழக்கமான வாதத்திற்கு இக்கடிதங்கள் இடந்தரவில்லை.

1996 இல் ஜெரூசலத்தில் அமைத்த நிறுவற் படைப்பில், நப்லஸ் நகரத்து ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரக் கட்டிகள் ஏறத்தாழ 2,200 ஐத் தரையிற் பரப்பி, 1993 ஒஸ்லோ உடன்பாட்டின்படி பலஸ்தீனருக்குக் கையளிக்கப்படவிருந்த பகுதிகளின் எல்லைகளைச் சிவப்பு மணிகளாற் பதித்தார். நப்லஸ் தொழிலாளரின் உழைப்பின்மீதே அவ்வரைபடம் கிடந்தது. மின்சாரம் பாயும் சமையற் கருவிகளைக் கொண்டு 2000 இல் ஆக்கிய படைப்பில் இத்தகைய வரலாற்றுத் திட்பம் குறைவு என்பது எமது கருத்து. அச்சம் உண்டு, ஆனால் யாருடைய வீடு என்பது மங்கிவிடுகிறது.

வீடியோவின் இறுதிக் கடிதத்திலோ எதுவும் மங்கலாக இல்லை. ஊர் அஞ்சலகம் குண்டுவெடிப்பில் அழிந்துவிட்டது. இனிக் கடிதம் அனுப்புவது அரிது என்று தாய் எழுதுகிறாள்.