விஞ்ஞானப் பத்திரிகைகளில் நேர்மை

ஹைதராபாத் நகரின் வடமேற்குப் பகுதியான குகட்பள்ளியில், 1972ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய கலாசாலைகளில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பல்லாண்டுகள் உழைத்துக் கண்ட முடிவு, தக்க பத்திரிகை ஒன்றில் பிரசுரமான பின்னரே விஞ்ஞான உலகின் கவனத்தைப் பெறுகிறது. ஆகவே எந்தப் பத்திரிகைக்குக் கட்டுரையை அனுப்புவது என்பது அம்மாணவருக்குச் சிறிய விஷயமன்று.

நல்ல பத்திரிகையில், வந்த கட்டுரையை ஆசிரியர் அத்துறை நிபுணர் இருவர் மூவருக்கு அனுப்புகிறார். சோதனை முறை சரியானதா, கணக்குகள் பொருந்துகின்றனவா, கூறப்படும் முடிவு உண்மையில் அவற்றிலிருந்து பெறப்படுகிறதா என்று அவர்கள் ஆராய்கின்றனர். இவ்வேலைக்குப் பெரும்பாலும் ஊதியமில்லை, பெயரும் வெளிவருவதில்லை. திருத்தம் கோருவதும் நிராகரிப்பதும் சாதாரணம். ஒரு மருந்தைப்பற்றிப் படிக்கும் வைத்தியர் அச்சோதனையைத் தாமே மறுமுறை செய்து பார்க்க இயலாது. அந்நிபுணர்களின் பரிசீலனையையே அவர் நம்புகிறார்.

முன்னர்ப் பத்திரிகைக்குரிய செலவைச் சந்தாதாரர்கள் ஏற்றனர். இணைய யுகத்தில், கட்டுரை எழுதியவர் கட்டணம் செலுத்த, வாசகர் இலவசமாகப் படிக்கும் முறை பரவியது. இம்முறையில் குற்றமில்லை; நேர்மையான பத்திரிகைகள் பல இதனைக் கையாளுகின்றன. ஆனால் ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வருமானம், நிராகரிக்கும் ஒவ்வொன்றும் நஷ்டம் என்றாகும்போது பரிசீலனையைக் கைவிடும் ஆசை சிலருக்கு எழுந்தது. 2013இல் வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த போலிக் கட்டுரை ஒன்றை ‘ஸயன்ஸ்’ பத்திரிகையின் சார்பில் ஒருவர் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் அதனை ஏற்றுக்கொண்டன!

இத்துறையில் மிகவும் பேசப்பட்ட வழக்கு ஹைதராபாத்தைச் சார்ந்த ‘ஓமிக்ஸ்’ நிறுவனத்தைப் பற்றியதாகும். கட்டணத்தை முன்கூட்டித் தெரிவிக்காமல் மறைத்தது, நிபுணர் பரிசீலனை நடப்பதாகப் பொய்யாகக் கூறியது என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2016 ஆகஸ்டில் அதன்மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு உத்தரவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பிய ஆசிரியர்களுக்கு அதற்கு இடமளிக்கவில்லை என்பதும் கமிஷனின் புகார்களுள் ஒன்று. இது பெருந்தீங்கு. ஓரிடத்தில் அகப்பட்ட கட்டுரையை நல்ல பத்திரிகை பின்னர் ஏற்காது. மெய்யான ஆராய்ச்சியும் வீணாகிவிடும்.

பழி முழுவதையும் பிரசுரகர்த்தர்மீதே சுமத்துவது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை ஒன்றேனும் வெளியாகியிருத்தல் வேண்டும் என்றன. நோக்கம் நல்லதே. எனினும் காலக்கெடு நெருங்கிய மாணவருக்கு, ஒரு வாரத்தில் பிரசுரிப்பதாக வரும் கடிதம் எத்தகைய கவர்ச்சியுடையது என்பதை எளிதில் ஊகிக்கலாம். 2018 மே மாதம் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்கியது. மறு ஆண்டில் ‘கேர்’ என்னும் புதிய பட்டியல் வந்தது. 2022இல் கட்டாயப் பிரசுர விதி விலக்கப்பட்டது. 2025இல் ‘கேர்’ பட்டியலும் கைவிடப்பட்டு, தேர்வுப் பொறுப்பு கல்வி நிலையங்களையே சேர்ந்தது.

எனவே இப்போது பத்திரிகையைச் சோதிப்பது மாணவரும் வழிகாட்டும் பேராசிரியரும் செய்ய வேண்டிய வேலை. ஆசிரியர் குழுவில் காணும் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால், அவர் பெயர் அவருக்குத் தெரிந்துதான் அச்சாகியிருக்கிறதா என்பது விளங்கும். பழைய இதழ்களில் நாலைந்து கட்டுரைகளைப் படித்தால் பரிசீலனையின் தரம் புலப்படும். கட்டணம் எவ்வளவு என்பதைக் கட்டுரை அனுப்புமுன்னரே எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.