ஏற்றிய நாணை இறக்கும் முறை

வில்லை வளைப்பதிலும் குறி தவறாது எய்வதிலும் உள்ள திறமையைப் போற்றாத நாடு இல்லை. ஆயினும், வளைத்த வில்லை எய்யாமலே மீண்டும் தளரவிடுவதும் ஒரு திறமையே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கையால் இழுக்கும் சாதாரண வில்லில் இஃது ஒரு பொருட்டன்று. எய்ய வேண்டாம் என்று தோன்றினால், வில்லாளன் நாணைப் பற்றியவாறே கையை மெல்ல முன்னோக்கிக் கொண்டுசென்று, அதனைப் பழைய நிலையில் விட்டுவிடுவான். இழுத்த கையே தாங்கும் கையாகவும் இருப்பதனால் அது முடிகின்றது. குறுக்குவில்லின் செய்தியோ முற்றிலும் வேறானது.

நீண்ட தண்டு ஒன்றின் முன்முனையிலே குறுக்காகப் பொருத்தப்பட்ட வில்லே குறுக்குவில் எனப்படும். பின்னோக்கி இழுத்த நாணைத் தண்டின் மேலுள்ள பூட்டு பற்றிக்கொள்ளும். குட்டையான அம்பு, நாணுக்கு முன்னே தவாளிப்பில் கிடக்கும். தண்டின் அடியிலுள்ள விசையை அழுத்தியதும் பூட்டு நாணை விடுவிக்கும், அம்பு பாயும்.

இக்கருவி மிகப் பழையது. சீனாவிலே சீயான் நகருக்கு அண்மையில் 1974ஆம் ஆண்டு வெளிப்பட்ட சுடுமண் படைவீரர் குழிகளில், கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கல விற்பூட்டுக்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பாவில் மான்கொம்பிலே கடைந்த சிறு உருளையே நெடுங்காலம் பூட்டாகப் பயன்பட்டது. கிறித்தவர்மீது இவ்வில்லை ஏவலாகாது என்று 1139ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் தடை விதித்தது. அத்தடையைப் போர்க்களம் மதிக்கவில்லை. இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட் 1199ஆம் ஆண்டு பிரான்சிலே ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது, குறுக்குவில் அம்பினாற் பட்ட புண்ணாலேயே மாண்டான். நமது சிலப்பதிகாரமும் மதுரை மதிலிலே நின்ற பொறிகளுள் வளைவிற்பொறியைக் குறிப்பிடுகின்றது. வளைந்து தானே எய்யும் எந்திரவில் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

பூட்டு ஒன்று இருப்பதே இவ்வில்லின் பெருமை. அதன் தொல்லையும் அதுவே. நாணைத் தாங்கும் பாரம் மனிதன் தோளைவிட்டு நீங்கிப் பூட்டின்மேல் அமர்கின்றது. ஆகவே அவன் ஆறுதலாகக் குறிபார்க்கலாம். ஆனால் பூட்டுக்கோ பற்றவும் தெரியும், விடவும் தெரியும். மெல்ல விடுதல் என்பது அதற்குத் தெரியாது. ஒருமுறை ஏற்றிய நாணை வெறுமனே இறக்க விரும்புபவனுக்கு இங்கேதான் சிக்கல் எழுகின்றது.

நாணேற்றிய வில்லில் அடங்கிக் கிடக்கும் ஆற்றலை எளிய கணக்கினால் அறியலாம். 150 இறாத்தல் இழுவை உடைய வில்லின் நாணை 12 அங்குலம் இழுத்ததாகக் கொள்வோம். இழுவை சிறிதிலிருந்து படிப்படியாகப் பெருகுவதனால், சராசரி இழுவை 75 இறாத்தல் எனலாம். எனவே 75 இறாத்தற் பொருளை ஓரடி உயரம் தூக்கும் வேலை அவ்வில்லிலே சேமிக்கப்பட்டுள்ளது. அது கண்ணிமைக்கும் நேரத்துள் வெளிப்படப் போகின்றது.

அம்பு இருந்தால் அவ்வாற்றலின் பெரும்பகுதியை அதுவே பெற்றுக்கொண்டு பறக்கும். அம்பில்லாமல் விசையை அழுத்தினாலோ, ஆற்றலைக் கொண்டுசெல்ல எதுவுமில்லை. மூடிய கதவைத் தோளால் மோதித் திறக்க ஓடிவருபவன், கதவு திடீரெனத் திறந்துகொண்டால் தலைகுப்புற விழுவானல்லவா? அவ்வாறே வில்லின் கைகள் எதிர்ப்பின்றி முன்னே பாய்ந்து, சடுதியாக நின்று அதிரும். நாண் அறுந்து போகலாம். கைகள் பிளந்து சிம்புகளாகத் தெறிக்கலாம். சக்கரங்கள் உள்ள வில்லாயின் அவை வளைந்து கெடலாம். வெற்றெய்தல் என்னும் இத்தவற்றினால் வில் பாழாவது மட்டுமன்றி, எய்தவனின் முகத்துக்கும் கண்ணுக்கும் கேடு நேரும். இதனைத் தடுப்பதற்கென, அம்பு இல்லாதபோது நாணை மறித்து நிறுத்தும் கொளுக்கி ஒன்றை இக்காலத்து வில்கள் பலவற்றிற் பொருத்துகின்றனர். ஆயினும் அதனை நம்பி விசையை அழுத்திப் பார்த்தல் அறிவுடைமையன்று.

எய்யாது இறக்க வேண்டிய தேவை எப்போது உண்டாகின்றது? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் குறுக்குவில்லால் மான் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கின்றது. வேட்டைக்காரன் மரத்திற் கட்டிய பரணிலே நாள் முழுவதும் காத்திருக்கின்றான். மான் வரவில்லை. வேட்டைக்கு விதித்த நேரம் முடிந்து இருள் சூழ்கின்றது. நாணேற்றிய வில்லை வண்டியில் ஏற்றுவதையும் பல மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. களைப்பும் குளிரும் வீடு செல்லும் அவசரமும் ஒன்றுசேரும் அந்த வேளையிலேதான் விபத்துக்கள் நேர்வதற்கு வழியுண்டு.

பாதுகாப்பான வழி, பார்வைக்கு விந்தையாகத் தோன்றினும், எய்துவிடுவதேயாகும். எய்ய வேண்டியது வேட்டை அம்பை அன்று. இதற்கென்றே வைத்திருக்கும் மொட்டை முனை அம்பை. முதலிற் காப்புத் தாழைப் போட்டு, வேட்டை அம்பைத் தவாளிப்பிலிருந்து எடுத்து உறையில் இடவேண்டும். அம்பு கிடக்கும் வில்லோடு மரத்திலிருந்து இறங்குதல் ஆகாது. அம்பு நீக்கிய வில்லைக் கயிற்றிலே கட்டித் தரைக்கு இறக்கியபின், மனிதன் தனியே இறங்கவேண்டும்.

தரைக்கு வந்ததும், வைக்கோற் பொதி போன்ற குறிப்பொருள் ஒன்றைச் சில அடி தூரத்தில் வைத்தல் நன்று. அது கிடையாவிடின், கல்லும் வேரும் இல்லாத மென்மையான மண்ணைத் தெரிந்துகொண்டு, தன் பாதங்களுக்கு அப்பால் நிலத்தை நோக்கிக் குறிவைக்கலாம். கல்லிற் பட்ட அம்பு எத்திசையிற் திரும்புமென்று சொல்ல முடியாது. உடன் வந்தோர் யாவரும் எய்பவனுக்குப் பின்னே நிற்கவேண்டும்.

அம்பின் அடி நாணோடு இடைவெளியின்றிப் பொருந்தியுள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது. சிறிது இடைவெளி இருந்தாலும் நாண் அம்பின்மேல் ஏறிச் செல்லக்கூடும். அப்போது அம்பு இருந்தும் வெற்றெய்தலே நிகழும். அடுத்து, தண்டைத் தாங்கும் கையின் பெருவிரல் தவாளிப்பின் விளிம்புக்கு மேலே எழாதவாறு கவனிக்கவேண்டும். நாண் ஓடும் பாதையில் அகப்பட்ட விரலை அது துண்டிக்கவும் வல்லது. இவற்றைச் சரிபார்த்த பின்னரே தாழை நீக்கி விசையை அழுத்தலாம்.

வேறொரு வழியும் உண்டு. கிணற்றிலிருந்து இழுத்த வாளியைத் திரும்ப இறக்க விரும்புபவன், கயிற்றைக் கைவிடாது பிடிபிடியாகத் தளர்த்துவான். பல்லும் தடுப்பும் கொண்ட சுழல்கைப்பிடியால் நாணேற்றும் வில்களுட் சில, அவ்வாறே பின்னோக்கிச் சுற்றி நாணை மெல்ல இறக்கவும் அமைக்கப்பட்டுள்ளன. இடைக்கால ஐரோப்பியர் கையாண்ட பற்சக்கரப் பொறியும் இத்தத்துவத்திற்கு நெருங்கியதே. கொளுக்கி நாணின் பாரத்தை முழுதும் ஏற்ற பின்னரே பூட்டு விடுவிக்கப்படல் வேண்டும். இதற்கெனவே அமைந்த வில்லில், அதன் செய்முறைக் கையேடு கூறும் ஒழுங்கில் மட்டுமே இதனைச் செய்யலாம். இறக்கும்போது கைப்பிடியைத் தவறவிட்டால் அது சுழன்றடித்துக் கையை முறித்துவிடும்.

ஏற்றுவதற்கு மட்டும் உதவும் கயிற்றைக் கொண்டு இறக்க முயல்வதே பெரிய அபாயம். கப்பி முறையில் அமைந்த கயிறு இழுவையைப் பாதியாகக் குறைப்பது உண்மையே. 150 இறாத்தலுக்குக் கைகள் 75 இறாத்தலைத் தாங்கினாற் போதும். ஆனால் ஏற்றும்போது இரு கைகளும் கயிற்றிலேயே இருக்கின்றன. இறக்கும்போதோ ஒரு கை விசைக்குச் செல்லவேண்டும். மறித்து நிற்கும் கொளுக்கியையும் தூக்கவேண்டும். பாரம் முழுவதும் அக்கணத்தில் மீதிக் கையின்மேற் சாய்கின்றது. கை தளர்ந்தால் வெற்றெய்தல் நிகழும்; விரல்களோ நாணின் பாதையில் இருக்கும். வில் செய்வோர் பலர் இம்முறையை விலக்கியிருப்பதன் காரணம் இதுவே. ஏறிய நாணைக் கத்தியால் அறுத்துவிடலாம் என்று எண்ணுவதோ அதனினும் கொடிது. அடங்கிக் கிடந்த ஆற்றல் அனைத்தும் அறுப்பவன் முன்னிலையிலேயே வெடித்துப் புறப்படும்.

நாணேற்றிய வில்லை அப்படியே விட்டுவைப்பதும் பரிகாரமன்று. நெடுநேரம் வளைந்து நிற்கும் கைகளும் நாணும் தம் வலுவை இழக்கும். மேலும், வில் ஏறியிருப்பதை அறியாத ஒருவர் அதனைத் தொடக்கூடும். வீட்டிலுள்ள சிறுவர்க்கு விசையைக் கண்டவுடன் அழுத்திப் பார்க்கும் ஆவலும் உண்டு. ஆகையால், மொட்டை முனை அம்பு கைவசம் இல்லாத நாளில் நாணை ஏற்றாதிருப்பதே முறை. அவ்வம்பின் விலை சிறிது. அதனைப் பையில் வைக்க மறந்தவன் மாலையில் இருட்டிலே நின்று எண்ணவேண்டிய வழிகளுள் ஒன்றேனும் நல்லதன்று.