இரண்டு மணி நேரம்னு காட்டிய பேட்டரி இருபது நிமிஷத்தில் தீர்வது ஏன்?



கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கிட்டிருப்போம். ‘இன்னும் 2 மணி நேரம்’ என்று காட்டும். 20 நிமிஷத்தில் பொசுக்குன்னு அணைந்துவிடும். சேமிக்காத கணக்கு போச்சு!

அந்த நேரம் வெறும் கணிப்புதான். மீதமுள்ள சார்ஜ், இப்போது செலவாகும் வேகத்தில் எவ்வளவு நேரம் வரும் என்று லேப்டாப் கணக்குப் போடுகிறது. கேஸ் சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும்னு நாம சொல்ற மாதிரி. விருந்தாளி வந்தா கணக்கு மாறுமே! வீடியோ ஓடினால், திரை வெளிச்சம் கூடினால் நேரம் குறையும். இது கோளாறு இல்லை.

ஆனால் 30 சதவீதம் காட்டும்போதே அணைந்தால் கவனிக்கணும்.

1. முழுசா சார்ஜ் ஏற்றி, தானாக அணையும்வரை ஓட்டி, மறுபடி இடைவிடாமல் முழுசா ஏற்றுங்கள். அளவு பெரும்பாலும் சரியாகும். அடிக்கடி செய்தால் பேட்டரி தேயும்.

2. சரியாகலையா? விண்டோஸ் லேப்டாப்பில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளை மூலம் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுக்கலாம். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ 40,000, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 20,000 என்றிருந்தால், பேட்டரியின் பலம் பாதியாகிவிட்டது.

3. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உடனே மாற்றுங்கள்.

‘புது பேட்டரி போடணும்’ என்று கடைக்காரர் சொன்னால், முதலில் அந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். செலவாகப் போவது நம்ம குழுப் பணம். கேட்டுத் தெரிஞ்சுக்க நமக்கு உரிமை உண்டு!