17 ஆண்டு மண்ணுக்குள் இருக்கும் சில்வண்டு

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ஆப்பிள் கன்று நடும் விவசாயிகள் மண்ணையும் மழையையும் பார்ப்பதோடு இன்னொரு கணக்கும் பார்க்கின்றனர். சில்வண்டு வரும் ஆண்டு எது என்பதே அக்கணக்கு.

அங்கு ஒருவகைச் சில்வண்டு 17 ஆண்டுக்கு ஒரு முறையும், மற்றொரு வகை 13 ஆண்டுக்கு ஒரு முறையுமே வெளிவரும். அதுவரை குஞ்சுகள் மண்ணுக்குள் வேரின் சாற்றை உறிஞ்சி வளர்கின்றன. உரிய ஆண்டின் வசந்த காலத்தில், 8 அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 18 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் ஒருசேரக் கிளம்பிவிடும். ஏக்கருக்கு 15 லட்சம் வரை வருவதுண்டு. பறவையும் அணிலும் வயிறு புடைக்கத் தின்றாலும் பெரும்பகுதி தப்பிவிடும்.

வெட்டுக்கிளியைப் போல் இது இலையைத் தின்று தீர்ப்பதில்லை. பெண் வண்டு பென்சில் பருமனுள்ள கிளைகளைக் கீறி முட்டையிடுகிறது. பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றின் கிளைகளோ ஒடிந்து தொங்கும். சில கன்றுகள் பட்டும் போகும். மருந்து அடித்தும் அதிகப் பயனில்லை. செத்தவற்றின் இடத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து புதிதாக வந்து சேரும். ஆகவே வண்டு வரும் ஆண்டிலும் அதற்கு முந்திய ஆண்டிலும் கன்று நடுவதைத் தள்ளிப்போடுகின்றனர். முன்பே நட்டுவிட்டவர்கள் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் கன்றை மூடி, அடித்தண்டோடு சேர்த்துக் கட்டுகின்றனர். செலவுதான். ஆனால் ஐந்தாறு வாரத்தில் வண்டுகள் மடிந்ததும் வலையை எடுத்துவிடலாம்.

அதென்ன 13, 17? இரண்டும் பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. வண்டு 12 ஆண்டுக்கு ஒரு முறை வந்தால், 2, 3, 4, 6 ஆண்டுக்கு ஒரு முறை பெருகும் எதிரிகள் ஒவ்வொரு தடவையும் அதைப் பிடித்துக்கொள்ளும். 17 என்றால், 3 ஆண்டு எதிரி 51 ஆண்டுக்கு ஒரு முறையே அதனைச் சந்திக்கும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் அப்படித் தவறாத காலம் உடைய எதிரி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. வெவ்வேறு காலக் கூட்டங்கள் அடிக்கடி சந்தித்து இனம் கலந்தால் சந்ததியின் காலம் பிசகும், அதைத் தவிர்க்கவே இந்த எண்கள் நிலைத்தன என்போரும் உண்டு. 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் சேர்ந்து வர 221 ஆண்டு ஆகும். 1803-ல் சேர்ந்து வந்த அத்தகைய இரு கூட்டங்கள் மீண்டும் 2024-ல்தான் சேர்ந்து வந்தன.

சில்வண்டும் சில வேளை கணக்குத் தவறுகிறது. 2021-ல் வரவேண்டிய பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி 4 ஆண்டு முந்தி, 2017-லேயே வந்துவிட்டது. அக்கூட்டம் அடுத்து வர வேண்டிய ஆண்டு 2038.